ஆமைத் தடத்தை மிதித்தோம்

மாசி 4, ஞாயிறு.

திண்டிவனத்திலிருந்து பன்னிரண்டு பேரை ஆமை பார்க்க மரக்காணம் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். விடியும்போது, கடலாமை முட்டையிட்டுத் திரும்பிய தடம் மணலில் புதிதாகக் கிடந்தது. டிராக்டர் சக்கரம் ஏறிப்போன மாதிரி இருக்கிறது பாருங்கள் என்று நான்தான் காட்டினேன். எல்லோரும் ஓடிப்போய்ச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துப்போக வந்த மீனவர் ஏழுமலை தலையில் கை வைத்துவிட்டார்.

"இன்னா சார், தடத்த வச்சிதான முட்டை எங்க இருக்குதுன்னு கண்டுபுடிப்போம்? கல்யாணக் கூட்டமாட்டம் மிதிச்சிக்கினு நிக்கறீங்களே!"

"குச்சியால குத்திப் பாக்கலாமா, ஏழுமலை?"

"பாக்கறேன், மணலு மெதுவா எறங்கற எடந்தான் முட்டைக் குழி. நாய் மோந்துக்கினு வந்து தோண்டறதுக்குள்ள கெடைக்கணும்."

எட்டரை மணி பஸ் வரும்வரை தேடினோம். கிடைக்கவில்லை. சற்று முன் ஏழுமலைக்குப் போன் செய்தேன். நாய்களை விரட்டிக்கொண்டு இன்னும் கரையில்தான் இருக்கிறாராம். சாப்பிட்டாரா என்று கேட்க மறந்துவிட்டேன்.