கறுப்புக் காரும் திருநீறும்

மதினி,

இன்றைக்குக் காலையில் உள்ளங்கையில் திருநீற்றைப் போட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்தேன். அந்த வாசம் மூக்கில் ஏறியதும், "மதினி, துணி எங்க?" என்று வீட்டுக்குள் பார்த்துக் கேட்டேவிட்டேன். கேட்ட பிறகுதான் நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அண்ணன் பின்வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். அவன் காதிலும் விழுந்திருக்கும். குனிந்து வாய் கொப்பளித்தான்.

கார்த்திகையில் நீங்கள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததிலிருந்து அண்ணனின் காரை யாரும் துடைக்கவில்லை. நாளைக்கு ஒரு கல்யாண ஓட்டம் வந்திருக்கிறது. அதற்காக அண்ணன் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினான். வந்துவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத அவ்வளவாக வராது. ஆனாலும் இன்றைக்கு நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பழைய கூத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? இருந்தாலும் கேளுங்கள்.

அப்போது கார் அண்ணனுடையது இல்லை. புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருந்த முதலாளியுடையது. அண்ணன் டிரைவர். சீசன் வந்தால் முதலாளி குற்றாலத்தில் பங்களா பிடித்துக் குடும்பத்தோடு வந்துவிடுவார். ஓட்டம் இல்லாத நேரத்தில் கார் தென்காசியில் நம் வீட்டு வாசலில் நிற்கும். முதலாளிக்கு அது கார் மட்டும் இல்லை, கண்ணாடியும்கூட. அருவியில் குளித்துவிட்டு வந்தால் அந்தக் கறுப்புக் கதவில் முகம் பார்த்துத்தான் மீசையை முறுக்குவார். அண்ணனுக்கு முன்னால் இருந்த டிரைவர், கதவில் ஒரு கோடு விழ விட்டான் என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு கடையநல்லூர் ரோட்டில் இறக்கிவிட்டவர் அவர்.

நீங்கள் ராயகிரியிலிருந்து வாழ வந்து ஆறேழு மாதம் இருக்கும். ஆனி மாதம். முதலாளி மகனுக்கு இலஞ்சி முருகன் கோவிலில் கல்யாணம். மாப்பிள்ளை ஏறி வர இந்தக் கார்தான் என்று முடிவாகியிருந்தது. அண்ணன் டயருக்காகச் செங்கோட்டைக்குப் போயிருந்தான். நீங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஏட்டி, உங்க அண்ணன் வாரதுக்குள்ள காரைப் பொங்கப் பானை மாதிரி ஆக்கிருவமா?"

பொங்கல் பானை மாதிரியேதான் ஆக்கினோம். தேங்காய் நார், அடுப்புச் சாம்பல், குடம் குடமாகத் தண்ணீர். நீங்கள் வட்டம் வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க நான் ஊற்றினேன். சாரல் வேறு விழுந்துகொண்டிருந்தது. கார் நாவற்பழம் மாதிரி மின்னியது. அண்ணன் திரும்பி வந்து பார்த்துவிட்டு, "நம்ம காராட்டி இது?" என்று காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். உங்களுக்கு முகமெல்லாம் பல்.

மறுநாள் காலையில் சாரல் நின்று சுள்ளென்று வெயில் அடித்தது. வாசலில் அண்ணன் "ஐயோ" என்றான். ஓடி வந்து பார்த்தால், முன் மூடியிலும் கதவிலும் சிலந்தி வலை பின்னியதுபோல வளையம் வளையமாகக் கீறல். எங்கே நின்று பார்த்தாலும் சூரியனைச் சுற்றி வளையம். பானையில் யாருக்குத் தெரியும் இதெல்லாம்? கறுப்பில் தெரிந்தது. போதாதற்கு முன் விளக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கீறல், உங்கள் கல்யாண வளையல் இழுத்தது.

"நாளைக்கு விடிஞ்சா கல்யாணம். என் சோலி முடிஞ்சுது" என்று அண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

நான் பதறிப்போய் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன். என்ன அதிசயம், வளையம் எல்லாம் மறைந்துவிட்டது! "மதினி, போயிட்டு, போயிட்டு!" என்று குதித்தேன். தண்ணீர் காயக் காய ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

"நாளைக்குப் பூரா குடத்தைத் தூக்கிட்டுக் கார் பின்னால ஓடுதியாட்டி?" என்றான் அண்ணன்.

நீங்கள் அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வியப்பு. கார்ப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, வெயிலுக்கு எதிராகக் கதவையே பார்த்தீர்கள். பிறகு நகத்தை வைத்து மெல்ல இழுத்தீர்கள்.

"இங்க பாருட்டி. இந்த வளையத்துல நகம் மாட்டல. மேலாக்கத்தான் கிடக்கு. சாம்பல் பெருசு, அதான் கீறிட்டு. அதைவிடப் பொடிசா ஒண்ணு வச்சுத் தேச்சா இது போயிரும்."

"பொடிசுன்னா?"

"திருநீறு."

அண்ணன் எழுந்தே விட்டான். "சாமி திருநீத்தைக் கார்லயா தேப்ப?"

"ஆயுத பூசைக்குக் காருக்குப் பட்டை போடுதியள்லா? அப்ப சாமி கோவிச்சாரா?"

ராயகிரியில் உங்கள் அம்மா சாணம் சுட்டு அனுப்பிய திருநீற்றைப் பழைய வேட்டித் துணியில் மறுபடியும் சலித்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்தீர்கள். காரை வேப்ப மர நிழலுக்குத் தள்ளச் சொன்னீர்கள். தகரம் சூடாக இருந்தால் எண்ணெய் இழுக்காதாம். அடுத்தது வளையல். புதுப்பெண் வளையலைக் கழற்றக் கூடாது, கழற்றாவிட்டால் இன்னொரு கோடு விழும். வேட்டிக் கரையைக் கிழித்து வளையலோடு சேர்த்து மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளலாம் என்றீர்கள். தன் கைக்குத் தானே முடிச்சுப் போட முடியுமா? உங்கள் கையை நான் கட்டினேன். என் கையை நீங்கள் கட்டினீர்கள்.

கதவின் கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்தீர்கள். துணியைத் திருப்பினால் கறுப்பு! எனக்கு உயிரே போய்விட்டது.

"அண்ணே, பெயின்ட் வருது!"

அண்ணன் பாய்ந்து வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டான். நீங்கள் கையை உருவி, அந்த இடத்தை வேறு துணியால் துடைத்து, "வெயிலுக்கு நேரா ஒரு கண்ணாடியைப் பிடிங்க" என்றீர்கள். அண்ணன் சவரக் கண்ணாடியை எடுத்து வந்து வெளிச்சத்தை அந்த மூலையில் அடித்தான். சுற்றிலும் வலை, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிணறு மாதிரி கறுப்பு. ஒரு வளையம் இல்லை.

"கீறலை நாம எடுக்கல. அதைச் சுத்தி இருக்கத அது உசரத்துக்கு இறக்குதோம். கறுப்பு கொஞ்சம் வரத்தான் செய்யும்" என்றீர்கள்.

அப்புறம் என்ன, எனக்குப் பேய் பிடித்ததுபோல ஒரு வேகம்! "வட்டமாத் தேய்க்காதட்டி, கார் போற போக்குலயே தேயி." "அந்த ஓரத்தைத் தொடாத, அங்கன பெயின்ட் மெலிசு." "அழுத்தாத, என்ன அம்மியா அரைக்க?" உங்கள் வாய் ஓயவில்லை, என் கையும் ஓயவில்லை. அண்ணன் கண்ணாடியும் கையுமாக எங்கள் பின்னாலேயே வந்தான். ஒவ்வொரு இடமாக வலை அழிந்துகொண்டே வந்தது. கடைசியில் முன் விளக்குப் பக்கத்துக் கீறலுக்கு வந்தோம். நான் அதையும் விடாமல் தேய்க்கப் போனேன். நீங்கள் என் கையைத் தடுத்தீர்கள்.

"இதுல நகம் மாட்டுது. இதைத் தேச்சா தகரம் தெரிஞ்சிரும். விட்டுரு."

மறுநாள் கல்யாணப் பூச்சரத்தை அந்த இடத்தில்தான் வளைத்துக் கட்டினான் அண்ணன். இலஞ்சியில் வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மாப்பிள்ளை இறங்கிக் கோவிலுக்குள் போனதும் முதலாளி கார்க் கதவுக்கு வந்தார். நாம் இரண்டு பேரும் பெண்கள் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் என் விரலை நெரித்த நெரி இன்னும் வலிக்கிறது. மீசைக்குப் போன முதலாளியின் கை பாதியில் நின்றது.

"ஏலே, இங்க வா."

"முதலாளி?" அண்ணன் ஓடிப்போய் நின்றான்.

"என் மீசையில இது என்னதுலே?"

"நரை முதலாளி."

"எப்பத்துல இருந்துலே?"

"தெரியலையே முதலாளி."

"இத்தன நாளா இந்தக் கதவு எங்கிட்டச் சொல்லவே இல்லியேலே!"

சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தேர் நிற்கிற பக்கமாக ஓடினோமே, அந்தச் சிரிப்பு! வளையல் கீறலை அவர் பிறகு பார்த்தார். அண்ணன் உள்ளதைச் சொன்னான். "புதுப்பொண்ணு வளையலா? கிடந்துட்டுப் போட்டும்" என்று விட்டுவிட்டார். பல வருஷம் கழித்து அவர் வேறு கார் வாங்கியபோது இது அண்ணனிடமே வந்தது, கீறலோடு.

அன்றிலிருந்து எதையும் சாய்ந்து பார்ப்பது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. "நேராப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். சாஞ்சு பாருட்டி" என்பீர்கள். கத்தரிக்காயைச் சாய்ந்து பார்ப்பீர்கள், சேலையைச் சாய்ந்து பார்ப்பீர்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவரைக்கூடக் கதவிடுக்கில் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வந்து, "வளையம் ஒண்ணும் இல்லட்டி, கட்டிக்கோ" என்றீர்கள். கட்டிக்கொண்டேன். நீங்கள் பார்த்தது சரிதான்.

இன்றைக்கு நடந்தது இதுதான். காரைக் கழுவி வேப்ப மரத்தடிக்குத் தள்ளியாகிவிட்டது. வேட்டிக் கரையை வளையல் மேல் சுற்றினேன். ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தேன். முடிச்சு நிற்கவில்லை, நழுவிக்கொண்டே இருந்தது. அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். கேட்காமலே துணியை வாங்கிக் கட்டினான். டிரைவர் கை இல்லையா, வண்டி மேல் மூட்டையைக் கட்டுகிற மாதிரி மேலே ஒரு பெரிய முடிச்சு.

"அப்படி இல்ல அண்ணே."

"அவ எப்படிக் கட்டுவா?"

நீங்கள் போனபின் அவன் உங்களைப் பற்றி வாய் திறந்து கேட்டது இதுதான் முதல் தடவை, மதினி.

"முடிச்சை உள்ள சொருகணும். முடிச்சும் கீறும்லா?" என்றேன்.

அவிழ்த்து மறுபடி கட்டினான். சரியாகக் கட்டினான். அப்புறம் எங்கிருந்தோ அந்தச் சவரக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து வெளிச்சத்தைப் பிடித்தான். நான் தேய்த்தேன், கார் போகிற போக்கிலேயே. மாசக்கணக்கான மங்கல் போய்க் கறுப்பு எழும்பி வந்தது. இரண்டு பேரும் தலையைச் சாய்த்துப் பார்த்தோம். ஒரு வளையம் இல்லை!

முன் விளக்குப் பக்கத்துக்கு வந்தபோது அண்ணன் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டான். நான் துணியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கோட்டின் மேல் நகத்தை வைத்து மெல்ல இழுத்தேன்.

மாட்டியது. விட்டுவிட்டேன்.