மீல்மேக்கர் சாப்பிடாத இறால்

ஜூன் 4, புதன்

ரத்த அழுத்தம் 154/98. டாக்டர் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். "நம்பரோட அன்னிக்கு என்ன நடந்ததுன்னும் ரெண்டு வரி எழுதுங்க சார், எதனால ஏறுதுன்னு தெரிஞ்சுடும்" என்றார். எதனால் ஏறுகிறது என்று எனக்கே தெரியும். மறைமலை நகரில் ஒரு உதிரி பாகத் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருஷமாகத் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஏறாமல் என்ன செய்யும்?

மனசு அமைதியாக இருக்கத்தான் ஏப்ரலில் இந்தக் கடல்நீர்த் தொட்டி வாங்கினேன். அறுபது லிட்டர். ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் இரண்டு, நீலப்பொடி என்று நான் கூப்பிடும் குட்டி நீல மீன் மூன்று, பிறகு மாம்பழம். மாம்பழம் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மஞ்சள் மீன். நான் ஆபீஸிலிருந்து வந்ததும் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்து என்னையே பார்க்கும். இந்த வீட்டில் என்னை அப்படிப் பார்க்கிற ஒரே ஜீவன்.

வேதா ஒரே ஒரு நிபந்தனையோடுதான் தொட்டியை உள்ளே விட்டாள். "நம்மாத்துல மூணு உயிர் போச்சுன்னா மறுநாளே தொட்டி வெளில போயிடணும்." கணக்கு இதுவரை பூஜ்யம்.

ஜூன் 8, ஞாயிறு

148/94.

கேளம்பாக்கம் ஜலால் கடைக்கு உப்பு வாங்கப் போனேன். கல்லுப்பு இல்லை, கடல்நீர் செய்கிற தனி உப்பு. உப்போடு ஒரு இறாலையும் வாங்கி வந்துவிட்டேன். வெள்ளை உடம்பில் சிவப்புப் பட்டை, நீள நீளமாக வெள்ளை மீசை, குத்துச்சண்டைக்காரன் மாதிரி எப்போதும் தூக்கி வைத்த இரண்டு கொடுக்கு. தொட்டியைச் சுத்தம் செய்யுமாம்.

ஜலால் பொட்டலம் கட்டும்போதே சொன்னான்: "சார், வயிறு ரொம்பியிருந்தா இவன் சாதுவா கீறான். பசிச்சா ரவுடி. தெனம் சாயங்காலம் ஒரு துண்டு எறா குடுத்துடு சார், பட்டாணி சைசுக்கு. மறந்தீன்னா சின்ன மீனைத் தூக்கிருவான்."

தலையை ஆட்டினேன். எறாவா? எங்கே வைப்பது? முட்டைகூட நுழையாத ஃப்ரிட்ஜ் எங்களுடையது. மீன் தீனி டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதிய லேபிளையே ஏப்ரலில் வெந்நீரில் ஊற வைத்து உரித்துவிட்டேன். தரக் கட்டுப்பாட்டுக்காரன் செய்கிற காரியமா இது?

வேதா இறாலைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கோயில் மதில்சுவர் மாதிரி பட்டை! கையைத் தூக்கிண்டு சேவிக்கறதைப் பாருங்கோ!" பெயரும் வைத்தாகிவிட்டது. பட்டைச்சாமி. மரியாதையாக 'அவர்' வேறு.

"ஏன்னா, இவர் என்ன சாப்பிடுவார்?"

"பாசி" என்றேன். வாய் தவறி வரவில்லை. தெரிந்தேதான் சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு யோசனை. மாமிசத்துக்குப் பதிலாக மனிதர்களே சாப்பிடுகிற ஒரு பொருள் நம் சமையலறையில் இருக்கிறதே! மீல்மேக்கரை வெந்நீரில் ஊற வைத்து, பிழிந்து, பட்டாணி அளவுக்கு நறுக்கி, இடுக்கியால் பட்டைச்சாமியிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டது. ஆஹா என்றேன். ஒரு தடவை திருப்பிப் பார்த்தது. இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தது. பிறகு கையை நீட்டி, உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் போட்டது.

என் சர்வீஸில் எத்தனை லாரி சரக்கை நிராகரித்திருக்கிறேன்! இவ்வளவு கேவலமாக யாரையும் நடத்தியதில்லை.

ஜூன் 13, வெள்ளி

பனீர் கொடுத்துப் பார்த்தேன். தொட்டி முழுக்க மோர். பத்து லிட்டர் தண்ணீர் மாற்றினேன். 158/100.

வேதா பசலைக்கீரை போட்டாள். பட்டைச்சாமி அதைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றது. "ஆனந்தமா சாப்பிடறார்" என்று மைசூரில் இருக்கும் அக்காவுக்கு வீடியோ அனுப்பினாள்.

ஜூன் 17, செவ்வாய்

நீலப்பொடி இரண்டுதான் இருக்கிறது.

ஜூன் 18, புதன்

வேலையில் ஒரு குறை வந்தால் நாங்கள் மீன்முள் படம் போடுவோம். தலைப் பக்கம் குறையை எழுத வேண்டும். ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணம்: மனிதன், இயந்திரம், பொருள், முறை. நேற்றிரவு சாப்பாட்டு மேஜையில் பெரிய தாளில் போட்டு வைத்திருந்தேன். ஃபில்டர் உறிஞ்சியிருக்கலாம். வெளியே குதித்திருக்கலாம். சோபா அடியில், செருப்பு அலமாரியில், மோட்டாருக்குப் பின்னால் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

காலையில் வேதா தாளைப் பார்த்தாள். "ஒரு ஜீவன் காணாமப் போயிருக்கு, முள்ளைப் போய் வரைஞ்சு வெச்சிருக்கேளே! அதுவும் 'மனிதன்'னு போட்டு எம்பேரை எழுதியிருக்கேள்!"

தொட்டி துடைக்கிறவள் அவள்தானே, முறைப்படி எல்லார் பெயரையும் எழுத வேண்டும் என்று விளக்கினேன். காபி வரவில்லை.

எழுதாமல் விட்ட பெயர் ஒன்று உண்டு. அது கல்லுக்கு அடியில் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு ஹாலிலிருந்து ஓலம். ஓடினேன். தொட்டியின் அடியில் பட்டைச்சாமி மல்லாந்து கிடந்தது, அசைவில்லை. வேதா ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். "கீரை போறலையோ என்னவோ, வாய் விட்டுக் கேக்கவும் தெரியாதே!"

எனக்கு உள்ளூர நிம்மதி. எழுதிவிடுகிறேன், டாக்டர் உண்மையைத்தான் எழுதச் சொன்னார். மாம்பழம் தப்பித்தது என்று நினைத்தேன்.

வேதா தலைக்கு ஸ்நானம் பண்ணிவிட்டு ஈரத் துண்டோடு வந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. எட்டேகால் மணிக்குக் கல்லுக்குப் பின்னாலிருந்து இன்னொரு பட்டைச்சாமி வெளியே வந்தது. பளபளவென்று, முன்னைவிடப் பெரிசாக! இறால் வளரும்போது ஓட்டைக் கழற்றிப் போடும் என்று ஜலால் போனில் சிரித்துக்கொண்டே சொன்னான். "சட்டை மாத்திகினான் சார். இனிமேதான் பசி ஜாஸ்தி, உஷாரா இரு."

வேதா பாயசம் வைத்தாள். நான் குடித்தேன். இறங்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

இரண்டாவது நீலப்பொடியும் போய்விட்டது. இந்தத் தடவை பார்த்துவிட்டேன். கொடுக்கில் ஒரு வால் துண்டு.

வேதா கோமாளி மீனைத்தான் சந்தேகப்படுகிறாள். "அந்த ஆரஞ்சு முழியே சரியில்லை" என்றாள். பிறகு என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள். இன்னும் ஒன்று போனால் தொட்டி போகும்.

மாம்பழம் கல்லின்மேல் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. நீதானே கூட்டி வந்தாய் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. பயமாக இருக்கிறது. ஒரு நகம் அளவு மீனுக்காக அம்பத்துநாலு வயசு ஆள் பயப்படுவானா? படுகிறான்.

பட்டைச்சாமியை ஜலாலிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா? கொடுத்தால் வேதா ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் கணக்கு மூன்று ஆகவே தேவையில்லை, இரண்டிலேயே தொட்டி போகும்.

ஜூன் 27, வெள்ளி

தரைத்தளத்து அக்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏ.சி. பழுது பார்க்கிறவர், நல்ல மனுஷர். சிரிக்காமல் கேட்டார். அவர் மனைவி அஜீசா உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

"எங்க ஃப்ரீசர்ல வெச்சுக்கலாம் சார். இதுல இன்னா கீது? தெனம் ஒரு துண்டு எடுத்துனு போங்க."

அஜீசா பச்சை இறாலைப் பட்டாணி அளவுக்கு நறுக்கிக் கொடுத்தாள். டப்பாவின்மேல் சீட்டு ஒட்டினேன்: தொகுதி எண் 1, பெற்ற நாள், துண்டுகள் 24, ஆய்வு செய்தவர் அனந்தகிருஷ்ணன். கை சும்மா இருக்குமா?

மாலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறேகால் வரை வேதா உள் அறையில் எதிர் ஃபிளாட் ஸஹானாவுக்குப் பாட்டு சொல்லிக் கொடுப்பாள். அதுதான் என் நேரம். உள்ளே வர்ணம், ஹாலில் இறால்.

பட்டைச்சாமி முதல் துண்டைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

ஜூலை 5, சனி

138/88. மாம்பழம் நலம். எல்லாரும் நலம். ஏழு நாள் எழுதவே மறந்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஷ்யாம்சுந்தர் ஒழிக.

வேதாவைப் படிக்கட்டில் நிறுத்திச் சொன்னாராம்: "மாமி, தப்பா நெனச்சுக்காதீங்க. சார் தெனமும் சாயங்காலம் அக்தர் வீட்டுக்குப் போறார். வரும்போது கையெல்லாம் எறா வாசனை. எங்க நாய் லிஃப்ட் வரைக்கும் அவர் பின்னாடியே போகுது."

வேதா ஒன்றும் கத்தவில்லை. என் கையை எடுத்து மோந்து பார்த்தாள். எலுமிச்சை சோப்பு போட்டுத்தான் கழுவியிருந்தேன். போதவில்லை.

"சாப்பிட ஆரம்பிச்சுட்டேளா?"

அந்த ஒரு நொடியில் எவ்வளவு கணக்குப் போட்டேன்! இல்லை என்றால் பிறகு எதற்கு இறால்? பட்டைச்சாமிக்கு என்றால் இரண்டு நீலப்பொடியும் எங்கே போயிற்று என்பது தெரிந்துவிடும். தொட்டி போய்விடும். மாம்பழம் ஜலால் கடையில் ஏதோ ஒரு கண்ணாடி டப்பாவில் யார் முகத்தையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"ஆமாம்" என்றேன். "வறுவல்."

என்ன சொன்னேன், ஐயோ! வறுவல் என்று யார் கேட்டார்கள்?

ஜூலை 13, ஞாயிறு

தீர்ப்பு: தனித் தட்டு, தனி டம்ளர். சமையலறை வாசல்படி தாண்டக் கூடாது. அக்தர் வீட்டுப் பக்கம் போகவே கூடாது. ஒரு மண்டலம்.

"உப்பு உறைப்பா ஏதாவது வேணும்னா எங்கிட்ட கேட்டிருக்கலாமே" என்று ஒரு தடவை மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. நான் எதையும் தொட்டவனில்லை வேதா, தொட்டியில் போட்டதோடு சரி என்று தொண்டை வரை வந்தது. விழுங்கினேன்.

ஜூலை 15, செவ்வாய்

பாட்டு வகுப்பு ஹாலுக்கு மாறிவிட்டது. சுருதிப்பெட்டி தொட்டிக்குப் பக்கத்தில். நான் கீழே இறங்காமல் இருக்கக் காவலாம். இன்றோடு மூன்று நாளாக இறால் இல்லை. பட்டைச்சாமி கல்லைவிட்டு இறங்கி உலாவுகிறது. மாம்பழம் ஏறுகிற கல்லை நோக்கித்தான் உலாவுகிறது. 162/102.

ஜூலை 17, வியாழன்

மாம்பழம் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் இல்லை, இல்லை என்றே மனசு அடித்துக்கொண்டது. கதவைத் திறந்து செருப்போடு ஓடிப் பார்த்தேன். இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

ஆச்சரியம்! எட்டு நாளாக இறால் கொடுக்கவில்லை, ஒரு மீன்கூடக் குறையவில்லை. பட்டைச்சாமி கல்லுக்கடியில் சாதுவாக நிற்கிறது. யோசித்துப் பார்த்ததில் ஒன்று புரிகிறது. ஜூன் மாதம் நான் கொடுத்த மீல்மேக்கர் பயிற்சி மெதுவாக இப்போது வேலை செய்கிறது! சுபாவத்தையே மாற்றியிருக்கிறேன். ஆபீஸ் முன்னேற்றக் கூட்டத்தில் இதை ஒரு உதாரணமாகச் சொல்லலாம்.

வேதாதான் சரியில்லை. நேற்று சாயங்காலம் தாம்பரம் மார்க்கெட்டுக்கு விரட்டினாள், இன்றைக்கு இஸ்திரிக் கடைக்கு. நிம்மதியாக உட்கார விடமாட்டாள்.

ஜூலை 24, வியாழன்

மத்தியான இடைவேளையில் அக்தர் போன்.

"சார், உங்க டப்பா காலி. புதுசா எறா வாங்கிடட்டுமா?"

"நான்தான் வரவே இல்லையே அக்தர்?"

அக்தர் குரலைத் தாழ்த்தினார். "சொல்லக் கூடாதுன்னு மாமி சத்தியம் வாங்கினாங்க. ஆனா எனக்குப் பேஜாரா கீது சார், நீங்க தனித் தட்டுல துண்றதக் கேட்டா."

பிறகு எல்லாம் சொன்னார். பதினாறாம் தேதி வேதா கீழே போயிருக்கிறாள், எம்புருஷனுக்கு வறுத்துப் போட்டியா என்று அஜீசாவிடம் சண்டை பிடிக்க. அஜீசா ஃப்ரீசரைத் திறந்து டப்பாவைக் காட்டியிருக்கிறாள். "பச்சை எறாவை இப்டி நறுக்கி, நம்பர் போட்டு, ஆய்வு செஞ்சு யாராச்சும் துண்ணுவாங்களா மாமி?" வேதா சீட்டைப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். அஜீசா கொடுத்த தண்ணீரைக் குடித்தாளாம். பிறகு, "அவர் மூணு நாளா பட்டினி கிடக்காரே!" என்று ஒரு துண்டை எடுத்து, இலையில் சுற்றி, மாடிப்படியில் ஓடியிருக்கிறாள். 'அவர்' நான் இல்லை. அன்றிலிருந்து தினம் நான் வருவதற்குள் வந்து எடுத்துப் போகிறாள்.

"அப்ப நான் சாப்பிடலைன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். பொய் சொன்னதுக்கு மண்டலம் முடியட்டும்னு சொன்னாங்க."

போனை வைத்துவிட்டு எடைபோடும் மேஜையருகில் தனியாகச் சிரித்தேன். டிரெய்னி பிரணவ் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர். இறால் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள், அதைக் கையால் எடுத்து, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? இருபத்தாறு வருஷத்தில் அவள்மேல் இவ்வளவு ஆசை எனக்கு வந்ததில்லை.

வீட்டில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. தனித் தட்டில் சாப்பிட்டேன். ரசம் அமிர்தம்.

ஜூலை 26, சனி

அரை நாள் வேலை. கிளம்பும்போதே வேதா சொன்னாள்: "நேரா ஆத்துக்கு வராதேங்கோ. ஏரிக்கரைல நாலு சுத்து நடந்துட்டு ஆறு மணிக்கு மேல வாங்கோ. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரோல்லியோ?"

செம்பாக்கம் ஏரியில் நாலு சுற்று நடந்தேன். ஐந்தே முக்காலுக்கே கால் வீட்டுப் பக்கம் திரும்பியது. அவசரப்படுத்தக் கூடாது என்று ஐந்தாவது சுற்றும் நடந்தேன். ஆறேகாலுக்கு மணியடித்துவிட்டு, சாவி கையிலிருந்தும் வெளியிலேயே காத்திருந்தேன்.

வேதா கையைப் புடவையில் துடைத்தபடி கதவைத் திறந்தாள். உள்ளே மாம்பழம் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது.

"எலுமிச்சை சோப்பு தீர்ந்துடுத்து" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "என்னவோ இந்த மாசம் சீக்கிரமே தீர்ந்துடறது."

செருப்பைக் கழற்றவில்லை. அப்படியே திரும்பிப் போய் அரை டஜன் வாங்கி வந்தேன்.