நீ வைத்த இரண்டு கெடு

இன்று சாப்பாட்டு வேளையில் தட்டை நீட்டிய பையனின் நீலக் கோட்டிலிருந்து உன் வாசனை வந்தது. கம்பெனி லாண்டரி சோப்புதான். எல்லாக் கோட்டிலும் அதே வாசனைதான் வரும். தெரிந்தும் சாம்பார் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. "யக்கா, ஊத்துங்க" என்றான். ஊற்றினேன்.

நீ காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகும் நான் உன் கம்பெனியின் இதே கேன்டீனுக்குத்தான் வேலைக்கு வருகிறேன் மகளே. "அந்தப் பக்கமே போகாத" என்றார்கள் நம் ஊர் பென்னலூரில். ஏன் போகக் கூடாது? நீ நிமிர்ந்து நடந்த இடம். நான் ஏன் ஒளிய வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? உன் மடியில் லேப்டாப், பக்கத்தில் ஆறிப்போன தோசை.

"இன்னாடி, யாருக்குக் காத்துகினு கீற?"

"லைன்ல ஒரு கம்ப்யூட்டர் பதிலே சொல்ல மாட்டேங்குதும்மா. யாரோ ஆஃப் பண்ணிட்டாங்க போல. என் ஸ்கிரிப்ட் அது வாசல்லயே நிக்குது. பின்னாடி மத்ததெல்லாம் வெயிட்டிங்."

நீ எழுதிய அந்த ஸ்கிரிப்ட் என்கிற சின்ன புரோகிராம், பொருள் தயாராகும் லைனில் உள்ள கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்குள்ளும் தூரத்திலிருந்தே போய், அன்றைய வேலையைச் சொல்லிவிட்டு வரும்.

"ரேஷன் கடையில முன்னாடி நிக்கிறவங்களுக்குக் கைரேகை விழலன்னா நாம எல்லாம் நிக்கிறோமே, அப்டியா?"

"அதேதாம்மா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். அப்புறம் இரண்டு கெடு வைத்தாய். கூப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அது ஒன்று. உள்ளே விட்டுவிட்டு, கொடுத்த வேலையை முடிக்காமல் இழுத்தடித்தால், அதற்குத் தனியாக இன்னொன்று. "கதவைத் தொறந்துட்டு உள்ள பேசாம உக்காந்துக்குறதுதாம்மா ரொம்ப மோசம்" என்றாய். நம்மை உட்காரவைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாத உன் அத்தையை நினைத்து நானும் சிரித்தேன்.

போன வாரம் ஒரு காலையில் லைன் நின்றுபோனது. சாப்பாட்டு நேரத்தில் உங்கள் சூப்பர்வைசர் எல்லார் காதிலும் விழும்படி, "ஸ்கிரிப்ட் ஹேங் ஆகி நின்னுடுச்சு. போனவ எழுதி வச்சது. அரைகுறை வேலை" என்றார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

உன்னோடு சிஸ்டம் ரூமில் இருந்த துரை, அந்தத் தெற்கத்திப் பையன், தட்டு கழுவும் இடத்துக்கு வந்தான்.

"யம்மா, ரெண்டாவது கெடுவ எடுத்தது நாந்தான். பெரிய ஃபைல் ஏறி முடியுததுக்குள்ள அந்தக் கெடு பாதியில அறுத்து விட்டுட்டு, அதான் எடுத்தேன். திரும்ப வைக்க மறந்துட்டேன். இப்ப ஒரு கம்ப்யூட்டருக்குள்ளயே மாட்டி நின்னுட்டு."

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அந்த ஆளாண்ட போய்ச் சொல்லு."

"வேல போயிரும்லா."

"எம்பொண்ணு பேரு போவுதேடா! மணி அடிக்கிற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நீ சொல்லு. இல்லன்னா நான் சொல்லுவேன்."

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. மேஜைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தவன் எழவில்லை. ஈரக் கையோடு நேராக சூப்பர்வைசரிடம் போனேன்.

"சார், எம்பொண்ணு ரெண்டு கெடு வச்சா. ஒண்ணு இப்ப இல்ல. செத்தப்புறம் அவளே வந்து எடுத்தாளா?"

"நீங்க போய் உங்க வேலையப் பாருங்கம்மா."

"பாத்துகினுதான் கீறேன். பதில் சொல்லுங்க."

துரையின் பெயர் என் வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் பின்னால் நாற்காலி நகரும் சத்தம். "நாந்தான் சார் எடுத்தேன்" என்றான்.

அவனுக்கு வேலை போகவில்லை. எச்சரித்து விட்டுவிட்டார்கள். பெரிய ஃபைலுக்கு மட்டும் கொஞ்சம் நீட்டி, உன் கெடுவைத் திரும்ப வைத்துவிட்டான். உன்னை அரைகுறை என்ற வாய் மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை.

"பொண்ணைப் பறிகொடுத்தவ, பாவம், அதான் கத்துது" என்று பேசிக்கொண்டார்களாம். பறிகொடுத்தவள்தான். அதற்காக வாயைத் தைத்துக்கொள்ள வேண்டுமா? முன்பெல்லாம் யார் என்ன சொன்னாலும், தானாகச் சரியாகும் என்று நின்றுகொண்டே இருப்பேன். "எவ்ளோ நேரம்மா நிப்ப?" என்று நீதான் கத்துவாய்.

இனி நிற்க மாட்டேன். உன் மேல் யார் பழி போட்டாலும், மணி அடிக்கிற வரைதான் பொறுப்பேன்.