முகட்டுச்சாமி அவளைக் கண்டித்தார்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு சாமி ஒரு ஊரையே எரித்துவிட்டது. நம் தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் புதிதாக வாங்கிய வீடியோவில்தான். பிரிஞ்சாங் டவுனில் வாடகைக்கு எடுத்து வந்த டேப். யாரோ ஒரு ராஜா கோயில் மணியைத் திருடிவிட்டானாம். அதற்குச் சாமி கண்ணைத் திறந்ததும் குடிசை, மாடு, தொட்டில் எல்லாம் பற்றிக்கொண்டன. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "ராஜா திருடுனதுக்குத் தொட்டில்ல கெடக்குற புள்ள என்ன பண்ணுச்சு?" என்று சத்தம் போட்டேன். "சும்மா பாரு லா, கதைதானே" என்றார்கள். பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

கதைதானே என்று என்னிடம் சொல்லலாமா? நீயும் நானும் போட்ட பெரிய சண்டையே ஒரு கதைக்காகத்தான். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை. வேறு யாரிடம் போய்க் கத்துவது, அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

அப்போது நாம் பக்கத்துப் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். உன் கை செடியில் இருக்கும், வாய் நீயாகக் கட்டிய ஏழு முகட்டு நாட்டில் இருக்கும். அங்கே ஆறு மேல்நோக்கி ஓடும். பாறைகள் ஒன்றோடொன்று வாய்ச்சண்டை போடும். பெண்கள் ஒரு தேயிலையை விரித்து அதில் ஏறிப் பள்ளத்தாக்கைத் தாண்டுவார்கள். எங்கிருந்துதான் உனக்கு அதெல்லாம் வந்ததோ! ஆனால் உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் நீ சொல்லச் சொல்ல ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நோட்டில் எழுதினேன்.

அந்த நாட்டில் எல்லாம் எனக்குப் பிடிக்கும், உன் முகட்டுச்சாமியைத் தவிர. காலையில் நம்மைப் பெரட்டுக்கு நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதே மாதிரி அவர் மேகங்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். பிந்தி வந்த மேகத்தை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்.

"இது சாமியா, பேர் கூப்புடுற ஆபீஸ் கிராணியா?" என்று கேட்டேன்.

"சாமின்னா கண்டிப்பு இருக்கணும் புள்ள. இல்லாட்டி எவன் மதிப்பான்?"

"கிராணியவே எவனும் மதிக்கல. பயப்படுறான், அவ்வளவுதான்."

நீ சிரித்தாய். சாமியை மட்டும் மாற்றவில்லை.

கதையின் முடிவுக்கு வந்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. முதல் பூவைச் சாமிக்கு வைப்பதாக வேண்டிக்கொண்ட ஒருத்தி அதை மறந்துவிடுகிறாள். 'ஒரு பூவுக்காக முகட்டுச்சாமி அவளைத் தண்டித்தார். அவள் பிள்ளை ஊமையானது.' அவ்வளவுதான், கதை முடிந்தது என்றாய். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நான் கீழே வைத்துவிட்டேன். அந்த ஒருத்தி யார் என்று எனக்குத் தெரியாதா?

நீ இந்தக் கதை கட்டுவதற்கு முன்னால் நடந்தது அது. உன் பையனுக்கு இரண்டு வயதுகூட முடிந்திருக்கவில்லை. அவன் பிறந்தால் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தாய். திருவிழா அன்றைக்குக் கங்காணி லீவு தரவில்லை, நீயும் கூடையைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாய். அடுத்த மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. விடாத மழையில் கீழே ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில் மண் சரிந்து, தோட்டத்து லோரி பாதி வழியில் நின்றது. உன் மடியிலேயே அவன் போய்விட்டான். லீவு தராதவன் கங்காணி, சரிந்தது மண். இதில் நீ என்ன குற்றம் செய்தாய்? எத்தனை தரம் கேட்டிருப்பேன்! ஒவ்வொரு தரமும் "ஆத்தா கணக்கு நமக்குப் புரியாது" என்று வாயை மூடிக்கொள்வாய். எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டலாம் போலிருக்கும்.

அந்தக் கதையைப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்ப ஆசைப்பட்டாய். நல்ல தாளில் திருத்தி எழுதுவது என் வேலை. கடைசி வரிக்கு வந்தபோது எனக்குக் கோபம் பொங்கியது. உன் மேலா, சாமி மேலா, கங்காணி மேலா, தெரியவில்லை. 'அவளைத் தண்டித்தார்' என்பதை 'அவளைக் கண்டித்தார்' என்று எழுதி, உறையை ஒட்டி, தபாலில் போட்டுவிட்டேன். மறந்ததற்கு ஒரு திட்டு, அது போதும். பிள்ளை ஊமையானது வேறு சங்கதி, அதில் சாமிக்குப் பங்கில்லை. அப்படித்தான் அந்த இரண்டு வாக்கியங்களையும் நான் பிரித்து வைத்தேன்.

கதை அப்படியே அச்சில் வந்தது. லயமே கூடிப் படித்தது. நீ மட்டும் பேப்பரை மடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"கை தவறிருச்சு" என்றேன்.

"பொய் சொல்லாத. கை தவறுனா ஒரு எழுத்து தவறும். முன்னாடி இருக்குற ஒத்தும் சேந்தா தவறும்?"

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை இலக்கணத்தில் நீதான் முதல். உன்னிடம் போய் அந்தப் பொய்யைச் சொன்னேன் பார். 'த்' என்ற ஒற்றும் போய் 'க்' வந்தது தற்செயல் என்று சின்னப் பிள்ளைகூட நம்பாது.

"ஆமா, நான்தான் மாத்துனேன். பெத்தவ மறந்ததுக்குப் புள்ளைய வதைக்கிறது சாமியா? நீ ஒரு தப்பும் பண்ணல. ஒன் புள்ளைய யாரும் தண்டிக்கல. மண்ணு சரிஞ்சிச்சு, அவ்வளவுதான்!"

நீ அழவில்லை. கத்தவும் இல்லை. "அப்ப என் புள்ள சும்மாவா செத்தான்?" என்று கேட்டாய். பிறகு சொன்னாய்: "சாமி எடுத்துக்கிட்டாருன்னா அவருகிட்ட இருக்கான். ஒரு நா போயி கேட்டு வாங்கிக்குவேன். மண்ணு எடுத்துக்கிச்சுன்னா நா எங்க போயித் தேடுவேன், சொல்லு."

உன் தலையிலிருந்து பழியை இறக்கி வைப்பதாக நினைத்து, நீ பிடித்துக்கொண்டிருந்த ஒரே பிடியை நான் பிடுங்கியிருந்தேன். பிள்ளை எங்கேயோ இருக்கிறான் என்பதற்காகக் குற்றத்தை நீயே சுமந்துகொண்டிருந்தாய். அது புரிந்த பிறகும் என் ஆத்திரம் குறையவில்லை. ஒரு தாய் தன் பிள்ளை எங்கேயோ இருக்கிறான் என்று நம்ப, முதலில் தன்னைக் குற்றவாளி என்று ஒப்புக்கொள்ள வேண்டுமா? என்ன நியாயம் இது?

நான்கு மாதம் நீ என்னோடு பேசவில்லை. பக்கத்து நிரையில் நின்றுகொண்டே பேசவில்லை, அந்தப் பிடிவாதத்துக்குத் தனியாக ஒரு கோயில் கட்டலாம். ஒரு மழை நாளில் என் கழுத்தில் அட்டை ஏறியிருந்தது. நீயே வந்து பிடுங்கிப் போட்டாய். "ஒன் ரத்தத்தையும் குடிக்க ஒண்ணு இருக்கு பாரு. பாவம், இந்நேரம் செத்துருக்கும்" என்றாய். அதோடு பேச்சு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நீ கதை மட்டும் சொல்லவே இல்லை. அது என்னால்தான் என்று எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு வருடமும் பால்குடம் எடுத்தாய். லீவு கேட்கவும் இல்லை, கங்காணி முகத்தைப் பார்க்கவும் இல்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டே உன் கூட நடந்தேன். போன வருடம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே இல்லை.

அந்த முகட்டுச்சாமியை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவர் சாமியே இல்லை என்று யாரிடமும் வாதாடுவேன். ஆனாலும் தினமும் காலையில் விளக்கேற்றும்போது, என் பிள்ளைகளுக்காக வேண்டுவதற்கு முன்னால், அவரிடம்தான் கோபமாகக் கேட்கிறேன்: அவள் உன்னிடம் வந்து சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, பையனை அவள் கையில் கொடுத்தாயா இல்லையா?