உர்கிதி டாக்டரின் ஸ்லைடுகள்

மே 6, செவ்வாய்

இந்த வார ஸ்லைடுகள் வந்துவிட்டன. டாக்டர் உர்கிதி வரமாட்டார். நர்சிங் மூன்றாமாண்டுக்கு மருந்தியல் நடத்த வேண்டியவர் அவர். நான் வெறும் மாணவ உதவியாளர். அவர் கீழே லா பாஸில் தன் கிளினிக்கில் இருக்கிறார். மேலே எல் ஆல்டோவில் இருக்கும் எங்கள் கல்லூரிக்கு ஏறி வர நேரமில்லையாம்.

ஸ்லைடுகள் வழக்கம்போல் சிதறல். ஒரே தலைப்பு மூன்று இடத்தில். படங்களுக்குக் கீழே போர்த்துக்கீசியம் – எந்த பிரேசில்காரனுடையதோ. தலைப்பு வரிசையாக, அவுட்லைனாக மாற்றும் பொத்தானை அழுத்தினால், தனிப் பெட்டிக்குள் எழுதியதெல்லாம் காணாமல் போகும். எச்சரிக்கைகளை இவர் பெட்டிக்குள்தான் போடுவார். அதனால் எல்லாவற்றையும் நானே குறிப்புத் தாளாக டைப் அடிக்கிறேன். மருந்து, வேலை, அளவு, எப்போது கொடுக்கக் கூடாது. தாள் அழகாக வருகிறது. எனக்குத்தான் அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

மே 8, வியாழன்

வகுப்பில் குறிப்புத் தாளை வாசித்தேன். ஃபாபியோலா கை தூக்கினாள். "கிட்னி கெட்டவங்களுக்குப் பாதி டோஸ்னு போட்டிருக்கே, ஏன் பாதி?"

தாளைப் பார்த்தேன். வரி 4.2: அளவைப் பாதியாக்குக. அவ்வளவுதான். ஸ்லைடில் காரணம் இல்லை. எனக்கும் தெரியாது.

"டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

"எந்த டாக்டர்? அப்படி ஒருத்தர் நிஜமாவே இருக்காரா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மே 9, வெள்ளி

வாசலில் செனோபியா சூடான ஆப்பி, சோளக் கஞ்சி, வாங்கிக் கொடுத்தாள். வகுப்பின் பிரதிநிதி, என் தோழி. சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"அந்த ஆளு வராததுக்குக் காரணமே நீதான்டி யோலா. உன் தாளைப் பார்த்தா பாடம் நடந்த மாதிரியே இருக்கு. வெறும் ஸ்லைடை வாங்கியிருந்தோம்னா எப்பவோ காலேஜ் கேட்டுக்குப் பூட்டு போட்டுப் போராட்டம் பண்ணியிருப்போம்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் சொன்னது சரி.

மே 12, திங்கள்

டாக்டருக்கு போன் செய்தேன். ஏன் பாதி?

"அதெல்லாம் அவங்களுக்கு எதுக்கும்மா? நர்ஸுங்கதானே. அளவு தெரிஞ்சா போதும். உன் குறிப்பு பிரமாதம்னு டீனே சொன்னார்!"

வைத்துவிட்டார்.

அடுத்த பருவத்தில் இந்த வகுப்பு ஆஸ்பத்திரி வார்டில் நிற்கும். கையில் ஊசியோடு. காரணம் தெரியாதவளுக்கு அளவு மறந்துபோனால்? முழு டோஸையும் ஏத்திட்டாள்னா? சாகப்போறது யாரு – இவர் கிளினிக்குக்குக் கார்ல வர்றவங்களா? அரசு ஆஸ்பத்திரி வரிசைல நிக்கிற எங்க ஆளுங்க. எங்க அம்மா.

இந்த வாரம் குறிப்பு எழுதப் போவதில்லை. அவரே வரட்டும்.

மே 14, புதன்

ஸ்லைடுகளை அப்படியே போட்டோகாப்பிக் கடையில் கொடுத்தேன். கடைக்கார ஹுஸ்தா அக்கா ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"என்னடி இது, அடுப்புக்கரி மாதிரி? எழுத்தே தெரியலையே."

"இதான் அக்கா பாடம்."

"இதைப் படிச்சிட்டு எனக்கு ஊசி போட வந்துடாதீங்க."

மே 23, வெள்ளி

குறிப்புத் தாள் இல்லாமல் அவர்கள் எழுதிய தேர்வின் முடிவை ஒட்டினேன். விடைத்தாள்களைத் திருத்தியதும் நான்தான். பாதி வகுப்புக்கு மேல் தோல்வி.

மினிபஸ்ஸில் பின்னால் யாரோ, எனக்குக் கேட்கும்படி: "மகாராணிக்கு டைப் அடிக்கக் கை வலிக்குதாம்."

திரும்பிப் பார்க்கவில்லை.

மே 26, திங்கள்

மாணவர்கள் கல்லூரி கேட்டுக்குப் பூட்டு போட்டுவிட்டார்கள். முற்றத்தில் பட்டாசு, புகை. செனோபியா பெஞ்சின் மேல் ஏறி ஒலிபெருக்கியில் கேட்டாள்: "முதல் கோரிக்கை என்ன?"

காத்திருந்தேன்.

"குறிப்புத் தாள் பழையபடி வேணும்!" என்று கூட்டமே கத்தியது.

கைதட்டல் அடங்கவே இல்லை. நான் கத்தினேன்: "டாக்டரை வந்து பாடம் நடத்தச் சொல்லுங்க!"

"அவரு வந்தா மட்டும்? அதே ஸ்லைடைத்தான் வாசிப்பாரு. எங்களுக்குத் தாள்தான் வேணும், தாயே!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

ஒரே சிரிப்பு. செனோபியா என்னைப் பார்க்கவில்லை. பிறகு இறங்கி வந்தாள். "கோரிக்கையை நீயே அடிச்சுக் குடுத்துடுடி. உனக்குத்தான் தலைப்பு போட்டு ஒழுங்கா எழுத வரும்."

அடித்தேன். 1. குறிப்புத் தாள். 1.1 வாரந்தோறும். 1.2 தேர்வுக்கு முன் தவறாமல். அடுத்து, 2. ஆசிரியர் நேரில் வகுப்புக்கு வர வேண்டும். உரக்க வாசித்தபோது அந்த வரியைத் தாண்டிப் போனார்கள்.

மே 28, புதன்

டாக்டர் வந்தார். இந்த முற்றத்தில் அவரைப் பார்ப்பது இதுவே முதல்முறை. கார் மேல் கோரிக்கைத் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கைதட்டினார்கள். அவருக்கு.

"பார்த்தியா யோலா, உன்னை எவ்வளவு மதிக்கிறாங்க!" என்றார் என்னிடம்.

பூட்டைத் திறந்தார்கள். டாக்டர் போய்விட்டார்.

ஜூன் 1, ஞாயிறு

ஸ்லைடுகள் வந்தன. இதய மருந்துகள்.

ஜூன் 5, வியாழன்

எல்லாம் பழையபடி அடித்தேன். ஒன்று மட்டும் புதிது. ஒவ்வொரு மருந்தின் கீழும் 'ஏன்?' என்று ஒரு தலைப்பு, அதன் கீழே வெற்றிடம். ஹுஸ்தா அக்காகூடக் கேட்டாள், பிரிண்ட் விழாமல் போய்விட்டதா என்று.

வகுப்பில் ஃபாபியோலா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். "இங்க என்ன எழுதணும்?"

"தெரியாது. எனக்கும் யாரும் சொல்லித் தரலை."

அவள் பேனாவை மூடினாள். அடுத்த தலைப்புக்குப் போகச் சொன்னார்கள்.

போனேன்.