பெர்சிஸின் சுருட்டை முடி

பெரியநாயக்கன்பாளையம்
அக்டோபர் 18, சனிக்கிழமை

அன்பு மகள் சாராவுக்கு அம்மா எழுதுவது. அங்கே குளிர் தொடங்கிவிட்டதாகச் சொன்னாய், நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் சளி என்று படுக்காமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம், அதுவரைக்கும் தோத்திரம். நான்கு நாளாகக் குருடிமலைப் பக்கம் மூட்டமாகவே கிடக்கிறது, துணி காயவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, பட்டறையில் பம்பு ஆர்டர் குறைந்துபோய் வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை என்பதால் மற்ற நாட்களில் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பரையே திரும்பத் திரும்பப் படிக்கிறார். போன ஞாயிறு அறுப்பின் பண்டிகை. வருடா வருடம் பீடத்தைச் சுற்றிக் கரும்பும் வாழையும் கட்டி அலங்காரம் செய்வது பெர்சிஸ்தானே, இந்த வருடம் யார் யாரோ செய்தார்கள், நான் ஒரு பூசணிக்காயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஆராதனை முடியும் முன்பே வந்துவிட்டேன்.

கையில் போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இரண்டு அறை உள்ள வீட்டில் நான் என்ன பேசினாலும் உன் தங்கை பெர்சிஸின் காதில் விழும், அது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஜூன் மாதத்திலிருந்து நான் உன்னிடம் போனில் சொல்லிவந்தது முழுக்க உண்மை இல்லை. உன் குரலைக் கேட்டுக்கொண்டே அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

அவள் முடி உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு என்னைப் போல நீளமாகப் படிந்த முடி, அவளுக்கு அப்பாவைப் போல நெருக்கமான சுருட்டை, விரலை விட்டால் வெளியே எடுக்க முடியாது. ஞாயிறு காலையில் கோயிலுக்குக் கிளம்பும் முன் நான் எண்ணெயை வழிய வழிய ஊற்றி, தண்ணீரில் நனைக்காமலே சீப்பைப் போட்டு இழுப்பேன், அவள் கத்துவாள், நான் சொல்லி நீ அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வாய். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் அவளை வரிசையிலிருந்து வெளியே அனுப்பி, குழாயில் தலையை நனைத்து அமுக்கிக் கட்டிக்கொண்டு வரச் சொன்னதாக அழுதுகொண்டு வந்தாளே, அன்றைக்குக்கூட நான் அந்த டீச்சரைக் கேட்கப் போகவில்லை, இன்னும் இறுக்கமாகப் பின்னித்தான் அனுப்பினேன். பிளஸ் டூ முடித்ததும் முதல் வேலையாகப் பார்லருக்குக் கூட்டிப்போய் ஸ்மூத்தனிங் செய்துவிட்டது நான்தான். அதன்பின் எட்டு மாதத்துக்கு ஒருமுறை போவோம். முடி வழவழவென்று முதுகில் கிடக்கும், பார்க்கிறவர்கள் எல்லோரும் இப்போதுதான் பெண் லட்சணமாக இருக்கிறாள் என்பார்கள், எனக்குப் பெருமையாக இருக்கும். அவளுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை.

ஊரடங்கில் பார்லர் எல்லாம் மூடியதும் வேர்ப் பக்கம் சுருட்டையும் நுனிப் பக்கம் நீட்டமுமாக வளர்ந்தது. அப்போதுதான் நீ அங்கிருந்து, உன் வார்டில் வேலை பார்க்கும் நைஜீரியப் பெண் சுருட்டை முடியைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாய். ஒருநாள் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, நேராக்கிய முடி அத்தனையையும் அவளே வெட்டிப்போட்டுவிட்டுக் காதளவு சுருட்டையோடு வெளியே வந்தாள். நான் அன்று சாப்பிடவில்லை. அப்புறம் தலையில் தடவ அடுப்பில் ஆளிவிதையைப் போட்டுக் கொழகொழவென்று காய்ச்சுவாள், நான் கஞ்சி என்று நினைத்து உப்புப் போட்டுவிட்டேன், அதைச் சொல்லிச் சொல்லி அப்பாவும் அவளும் ஒரு வாரம் சிரித்தார்கள். ஈரமாக இருக்கும்போதுதான் சிக்கெடுக்க வேண்டும், துண்டால் துவட்டக்கூடாது, பழைய பனியன் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். இரண்டு வருடத்தில் முடி தோள்வரை வந்து, ஒவ்வொரு சுருளும் தனித்தனியாகப் பளபளத்தது. பீளமேட்டு லாஸ்யா என்கிற நாயுடு வீட்டுப் பெண்ணும் இவளுமாகச் சேர்ந்து, சுருட்டை முடிக்காரப் பெண்களுக்கென்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை ரேஸ்கோர்ஸில் முப்பது பேர் வரைக்கும் கூடுவார்கள், கல்லூரிப் பிள்ளைகள், கைக்குழந்தைக்காரிகள், என் வயதுப் பெண்கள்கூட உண்டு. நானும் ஒருமுறை போய்த் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் நடுவில் நின்று பேசினாள். நம் வீட்டில் அவள் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

மதுக்கரைச் சம்பந்தம் வந்தது இந்த வருடம் பிப்ரவரியில். பையன் கிளமென்ட் நல்ல மாதிரி, பேசிப் பார்த்து இரண்டு பேருக்கும் பிடித்துத்தான் நிச்சயம் செய்தோம். நிச்சயம் முடிந்து கிளம்பும்போது அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பொண்ணு நல்லாத்தானுங்க இருக்குது. முடியை மட்டும் கொஞ்சம் படியற மாதிரி பண்ணிப்போட்டீங்கன்னா கல்யாணத்தன்னிக்குத் தலையில போடற நெட்டு நல்லா உக்காருமுங்க, போட்டோவும் பாந்தமா இருக்குமுங்க” என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், நானும் மரியாதையாகச் சரி என்றேன். பெர்சிஸ் முடியாது என்றாள். ஐந்து வருடம் கழித்து மறுபடி அந்த மருந்தைத் தலையில் வைக்க மாட்டேன், நெட்டு உட்காரவில்லை என்றால் நெட்டே வேண்டாம் என்றாள். கிளமென்டும் அம்மாவிடம் பேசுகிறேன் என்றுதான் சொன்னான், பேசினானா தெரியாது. நான் அவளோடு நான்கு நாள் பேசவில்லை. தட்டை வைப்பேன், வந்துவிடுவேன். அப்பாவைச் சபையில் தலைகுனிய வைக்கப் போகிறாள் என்று அவள் காதில் விழும்படி போனில் என் தங்கையிடம் சொன்னேன். ஐந்தாம் நாள் சமையலறை வாசலில் வந்து நின்று, சரிம்மா, கூட்டிட்டுப் போங்க என்றாள்.

இனிமேல் எழுதுவதுதான் நான் உன்னிடம் மறைத்தது. பார்லர்க்காரப் பெண் கவனிக்காமல் விட்டுவிட்டாள், பெர்சிஸும் எரிகிறது என்று வாயைத் திறந்து சொல்லவில்லை என்றுதானே உன்னிடம் சொன்னேன். அவள் சொன்னாள், சாரா. நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். முடி முரடாக இருக்கிறது, மருந்து கூடுதல் நேரம் இருக்கட்டும் என்று அந்தப் பெண் விட்டுவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் பெர்சிஸ் என் பக்கம் திரும்பி எரிகிறது என்றாள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன், அவள் எட்டிப் பார்த்து, முதலில் கொஞ்சம் எரியத்தான் செய்யும் என்றாள். மறுபடியும் பெர்சிஸ் என் கையைப் பிடித்து, “ரொம்ப எரியுதும்மா, கழுவச் சொல்லுங்க” என்றாள். நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, “கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு, பாதியில கழுவுனா படியாது” என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள், கையை மட்டும் என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். கழுவும்போது முடி கொத்துக் கொத்தாகத் தொட்டியில் போனது. இரண்டு பொட்டிலும், உச்சியிலும், பின்னந்தலையிலும் தோல் வெந்து சிவந்திருந்தது.

அதோடு நின்றிருந்தால்கூட ஒருவேளை என்னை மன்னித்திருப்பாள். மறுநாள் டாக்டரிடம் போனோம், அவர் புண்ணைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நேரம் எரிந்திருக்குமே, ஏன் சொல்லவில்லை என்று அவளைப் பார்த்துக் கேட்டார். அவள் வாயைத் திறக்கும் முன் நான், “இவ சொல்லவே இல்லைங்க டாக்டர், சொல்லியிருந்தா விட்டிருப்பனுங்களா” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொன்னது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்பா பார்லருக்குப் போய்ச் சண்டை போட்டபோதும், நீ போனில் அவளைத் திட்டினாயே, வாயில்லாத பூச்சியா நீ என்று, அப்போதும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீ திட்டியதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகியிருந்தது. மதுக்கரையிலிருந்து வந்து பார்த்தார்கள், முதலில் முடி வளரட்டும், தள்ளி வைக்கலாம் என்றார்கள். மூன்றாம் ஞாயிறு போதகர் ஐயர் ஓலை வாசிக்கவில்லை, சனம் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தது. ஆகஸ்டில் டாக்டர் சோதித்துவிட்டு, புண் ஆறிய இடங்களில் வேரே இல்லை, அங்கே இனி முடி வராது என்று சொன்னார். அதைக் கேட்ட வாரத்தில் கிளமென்ட் அவளுக்குப் போன் செய்தான், அம்மாவின் மனதுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றானாம். சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டாள். பல் ஆஸ்பத்திரியில் முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனிக்கும் வேலை, அதையும் விட்டுவிட்டாள். லாஸ்யா மூன்று முறை வீடு தேடி வந்தது. மூன்றாம் முறை அறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, எல்லோரும் உன்னைத்தான் கேட்கிறார்கள், ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வா, நாங்களும் கட்டிக்கொண்டு வருகிறோம் என்று அரைமணி நேரம் பேசியது. கதவு திறக்கவில்லை. அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாரேனுங்கம்மா என்று கிளம்பிவிட்டது. இப்போது ரேஸ்கோர்ஸில் கூடுவதும் நின்றுபோனதாகக் கேள்வி.

போன மாதம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. அன்றிலிருந்து சாப்பாடு போட நான் வந்தால், நீ போய் உட்காரு, நானே போட்டுக்கிறேன் என்கிறார், அவ்வளவுதான்.

பின்னந்தலையில் களிம்பு தடவ அவளுக்குக் கை எட்டாது, பார்க்கவும் முடியாது. அதற்கு மட்டும் எனக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். போன சனிக்கிழமை, மிச்சம் இருக்கும் முடி சிக்குப் பிடித்துக் கட்டியாகிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, அலசிவிடட்டுமா என்று கேட்டேன். அவள் எழுந்து போகவில்லை. பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் எடுத்து, அவள் நோட்டில் எழுதியிருந்தபடி கண்டிஷனரைத் தடவி ஊறவிட்டு, நுனியிலிருந்து மேலே மேலே விரலாலேயே சிக்கெடுத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. இருபத்தேழு வருடத்தில் என் கையால் அவள் தலைக்கு வலிக்காமல் இருந்தது அது ஒரு நாள்தான். சுருள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தது, எவ்வளவு மெத்தென்று இருக்கிறது தெரியுமா, எனக்கு இத்தனை நாள் தெரியாது. நடுநடுவே விரலுக்கு மொழுமொழுவென்று வெறும் தோல் தட்டும். டாக்டரிடம் பொய் சொல்லிவிட்டேன் கண்ணு, முதல் நாளே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். “தெரியும்மா. அதுக்கு இப்ப என்ன பண்றதுங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் கோபப்பட்டால் தேவலை என்றிருந்தது. பனியன் துணியால் ஒற்றி முடித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்றைக்கும் சனிக்கிழமை, காலையில் தண்ணீர் சுட வைத்துக் கூப்பிட்டேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

இதைப் படித்துவிட்டு என்மேல் கோபப்படு, அது நியாயம். உடனே போன் செய்து என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம். உன்னிடம் கேட்பது ஒன்றுதான், அவளைத் திட்டியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேள், அம்மா எழுதிவிட்டாள் என்றும் சொல். வீடியோவில் கூப்பிடாதே, எடுக்க மாட்டாள். வெறும் குரலில் கூப்பிடு, அதற்கும் பத்து முறைக்கு ஒருமுறைதான் எடுப்பாள், எடுக்காவிட்டாலும் கூப்பிட்டுக்கொண்டே இரு. மாப்பிள்ளையை ஒன்றுக்கும் அவசரப்படுத்தாதே, உன் உடம்பையும் பார்த்துக்கொள், வார்டில் நாள் முழுக்க நிற்கிறவள் சாக்ஸ் போடாமல் இருக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் வீட்டில் சமாதானம் இருக்கட்டும், அதுதான் தினம் என் ஜெபம். பெர்சிஸுக்கு என்ன கேட்டு ஜெபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறேன்.

மறந்துவிடாதே, பேசும்போது முடி வளர்ந்துவிடும் என்று மட்டும் அவளிடம் சொல்லாதே. அவளுக்குத் தெரியும்.

இப்படிக்கு
உன் அம்மா
அருள்செல்வி தேவதாஸ்