பன்னிரண்டு மணி நேரம் குறைவு

சரக்கு விண்கலம் தேரி-3. குன்றுச் சிறுகோள் சுரங்கத்திலிருந்து நிலாத் துறைமுகம் வரை.
பதிவு எழுதுபவர்: துணை விமானி பொன்னிலிங்கம், உடன்குடி.

பயண நாள் 61. 08:00
வேகம் சரி. எரிபொருள் 44 சதவீதம். சரக்கு நிக்கல் கட்டிகள், பத்தொன்பது டன். கலத்தில் ஆட்கள் இருவர்: கேப்டன் ஜெனிட்டா பர்னாந்து, நான்.

08:40
அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை. தேரி கார்கோ இரண்டு புதுக் கலங்கள் வாங்குகிறது. நான்கு கேப்டன்கள் தேவை. மூன்று பேர் வெளியிலிருந்து நேரடி நியமனம், ஒருவருக்குப் பதவி உயர்வு. துணை விமானிகளுக்கான விளம்பரத்தையும் இணைத்திருக்கிறார்கள்: "மூன்றே ஆண்டில் கேப்டன் இருக்கை." நான் இங்கே சேர்ந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன.

சரக்கு ஏற்றுபவனாகச் சேர்ந்தேன். பழைய கையேடுகளை வாங்கித் தனியே படித்துப் பரீட்சை எழுதினேன். மூப்புப் பட்டியலில் பன்னிரண்டு ஆண்டுகளாக இரண்டாம் எண். கேப்டனாக 200 மணி நேரம் கட்டளையில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. துணை விமானிக்கு அது கிடைக்க இரண்டு வழிகள். இடது இருக்கையில், அதாவது கேப்டன் இடத்தில், உட்கார்ந்த நேரத்தைக் கேப்டன் கையெழுத்திட்டுத் தர வேண்டும்; பயணம் முடிந்து இறங்கும்போதுதான் அது கணக்கில் ஏறும். அல்லது கேப்டனால் இயலாமல் போக வேண்டும். அறுபத்திரண்டு வயது முடிந்தால் பதவி உயர்வே கிடையாது. எனக்கு நாள் 72 அன்று முடிகிறது.

16:15
கேப்டன் மறுபடியும் இடது இருக்கையை என்னிடம் தள்ளிவிட்டுப் பின்னால் போய்விட்டார். உள்இணைப்பில் அவர் குரல்: "அண்ணாச்சி, நீங்களே ஓட்டுங்க. நான் செத்த நேரம் கெடக்குதேன். நேரத்தாள அனுப்பிருக்கேன், ஒரு தடவ பாத்துக்கிடுங்க."

வயது முப்பத்தொன்று. பயிற்சிக் கழகத்தில் படித்து நேரே கேப்டனாக வந்தவர். அவர் வேலையை நான் செய்ய வேண்டும், அவர் தூங்க வேண்டும். மூன்று பயணமாக இதே கதை. அவருடைய தாளை நான் திறப்பதில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கேப்டன் ஐம்பது மணி நேரம் எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு, அதைத் தன் பெயரிலேயே எழுதிக்கொண்டார். அன்று முதல் என் நேரம் என் நோட்டில்தான் இருக்கிறது.

நாள் 62. 11:20
கேப்டனுக்கு நேற்றிலிருந்து வயிற்றுவலியாம். இப்போதுதான் சொல்கிறார். காய்ச்சல் 39.4.

14:00
மருத்துவப் பேழையில் படுக்கவைத்தேன். குடல்வால் வெடித்திருக்கிறது என்கிறது பேழை. அறுவை செய்ய அதனால் முடியாது. மயக்கத்தில் வைத்து மருந்து சொட்டவிடும், அவ்வளவுதான். மருந்து நாள் 70, 18:00 வரை வரும். நிலாவை அடைவது நாள் 70, 10:00. எட்டு மணி நேரம் மிச்சம்.

அலுவலகத்தில் பணிப்பட்டியல் பார்க்கும் சுடலைக்கண்ணுவின் செய்தி: "அண்ணாச்சி, இந்த நிமிசத்துலேருந்து கட்டளை உங்க கையில. கேப்டன் பாப்பாவ பத்திரமா கொண்டாந்துருங்க. ஒங்களுக்கும் ஒரு காலம் வந்துட்டு பாத்தியளா."

மூடும் முன் பேழைக்குள்ளிருந்து கேப்டன்: "பயமா இருக்கு அண்ணாச்சி. நீங்க இருக்கியளேன்னு ஒரு தைரியம்."

14:30
கணக்குப் போட்டேன். இன்று 14:00 முதல் நிலாத் துறை வரை 188 மணி நேரம். பன்னிரண்டு குறைகிறது.

நாள் 64. 09:00
எல்லாம் சீர். காய்ச்சல் 38.1.

விதியில் பன்னிரண்டு மணி நேரம் தளர்த்த முடியுமா என்று கேட்டிருந்தேன். சுடலைக்கண்ணு: "நான் என்னத்த சொல்லுததுக்கு அண்ணாச்சி? மேல கேட்டேன். நூத்தித் தொண்ணூத்தொம்பதரைன்னாலும் முடியாதுங்காவ. அந்த எடத்துக்கு வெளியேருந்து இன்னொருத்தர பேசி வச்சிருக்காவ போல."

பேசி வைக்கட்டும்.

நாள் 66. 05:10
தூக்கம் வரவில்லை. இடது இருக்கையில் உட்கார்கிறேன், எழுந்து பேழை வரை போகிறேன், திரும்பி வருகிறேன். பதினோரு அடி. கலத்தின் எல்லாத் திருகும் எனக்குத் தெரியும். இறங்குமுன் நிலாவை ஒரு சுற்றுச் சுற்றிக் காத்திருப்பது கேப்டனின் உரிமை. அந்தச் சுற்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும்.

நாள் 69. 06:00
சொட்டுக் குழாயின் திருகைக் கையால் திருகி, வேகத்தில் எட்டில் ஒரு பங்கு குறைத்தேன். மருந்து இப்போது நாள் 70, 23:00 வரை வரும். பேழையின் கையேட்டை முழுக்கப் படித்துவிட்டுத்தான் செய்தேன். காய்ச்சல் 37.8. உடம்பு தேறிவருகிறது. இளம் வயது.

நாள் 70. 10:00
நிலா வந்துவிட்டது. துறைமுகக் கோபுரம்: "தேரி-3, கதவு நாலு காலியா இருக்கு, வாங்க." காத்திருப்புச் சுற்று கேட்டேன். காரணம்: இயந்திரச் சரிபார்ப்பு. 188 மணி.

10:25
சுடலைக்கண்ணு: "என்ன அண்ணாச்சி, கதவு காலின்னு சொல்லுதாவ, நீங்க சுத்துதிய? ஆம்புலன்ஸ் நிக்கி." இயந்திரத்தில் சத்தம் என்றேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒங்க காதுக்குத் தப்பி எது போயிருக்கு."

13:50
காய்ச்சல் 38.9.

15:30
39.7. சொட்டைப் பழைய வேகத்துக்குத் திருப்பினேன். 193.5 மணி.

17:05
பேழை சிவப்பு காட்டுகிறது. "உடனடி அறுவை தேவை." அவசரநிலை அறிவித்தால் கோபுரம் கலத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும், ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடும். கட்டளை அத்துடன் போய்விடும். ஏழு நாட்களாகத் தாங்கியவருக்கு ஐந்து மணி நேரம் ஒரு பொருட்டா? இருபத்தாறு ஆண்டுகள் நான் தாங்கவில்லையா?

18:20
பேழையின் அலறலை நிறுத்தினேன். யோசிக்க விடமாட்டேன் என்கிறது.

19:10
அவசரப் பொத்தானின் மூடியைத் திறந்தேன். மூடினேன்.

19:45
திறந்து வைத்திருக்கிறேன். 197.75. காய்ச்சல் 40.8. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உதடு நீலம். வலது கை விரல்கள் எதையோ பிடிக்கப் பார்க்கின்றன. பதினோரு அடி. போய்வந்து போய்வந்து கால் நோகிறது.

20:30
அழுத்திவிட்டேன். போகட்டும். 198.5 மணி. போதும். இந்த நாற்காலி எனக்கு வேண்டாம்.

கோபுரம்: "தேரி-3, கலம் எங்க கைக்கு வந்துட்டு. ஆளு எப்பலேருந்து இப்படி இருக்காங்க?" இணைப்பை அணைத்துவிட்டுப் பேழைக்குப் போனேன்.

20:52
நாடி இல்லை. நெஞ்சை அழுத்தினேன். பேழையும் மின்னதிர்ச்சி கொடுத்தது. நாடி இல்லை.

21:14
இல்லை.

21:34
இறங்கியாயிற்று. வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள். உள்பூட்டை இன்னும் நான் எடுக்கவில்லை. கட்டளையை முடித்து எழுதச் சொல்கிறது திரை. 198.5 என்று அடித்தேன். அது கூட்டிக் காட்டியது:

முன் வரவு, இடது இருக்கை, மூன்று பயணங்கள்: 36 மணி. கையெழுத்து: கேப்டன் ஜெ. பர்னாந்து.
இப்பயணம்: 198.5 மணி.
மொத்தம்: 234.5. தகுதி உண்டு.

அவர் அனுப்பிய தாளை இப்போது திறந்தேன். கடைசிக் கட்டத்தில் அவர் எழுதியிருப்பது: "இந்த நேரம் முழுவதும் கலத்தை ஓட்டியவர் பொன்னிலிங்கம் அண்ணாச்சி. வயது வரம்பு தாண்டுமுன் இவரைக் கேப்டனாக்க வேண்டும். மேலும் மணி நேரம் தேவையென்றால் இறங்கும் வரை இடது இருக்கையை அவருக்கே விடுகிறேன்."

காத்திருப்புச் சுற்று தொடங்கும் முன்பே எனக்கு 224 மணி இருந்தது.

21:50
சுடலைக்கண்ணுவின் செய்தி, 21:36-க்கு அனுப்பியது. அவருக்கு இன்னும் விஷயம் போய்ச் சேரவில்லை. "கம்ப்யூட்டர் ஒங்க பேரை ஏத்திட்டு. இனிமே அண்ணாச்சி கெடையாது, கேப்டன்னுதான் கூப்பிடணும். பாப்பா கண்ணு முழிச்ச ஒடனே சொல்லுங்க, அதுக்குத்தான் ரொம்ப சந்தோசமா இருக்கும். ஒங்களுக்காக மாசக்கணக்கா என்னைய அரிச்சு எடுத்துட்டு."

22:00
இதை எடுத்துப் படிப்பவருக்கு. 10:00 பதிவில் எழுதிய காரணம் பொய். இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை. நாள் 69-இல் சொட்டைக் குறைத்தது இந்தச் சுற்று முடியும்வரை மருந்து எட்டத்தான். பேழைக்கு அது தெரியாது, அதன் பதிவில் இருக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கதவைத் தட்டுவது நிற்கவில்லை. திரையில் மரணப் பதிவுத் தாள் வந்திருக்கிறது. பெயர், நேரம், காரணம். கீழே கலத்தின் கேப்டன் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கட்டத்தில் என் பெயரைத் தானே நிரப்பி வைத்திருக்கிறது.

பெயர் எழுதிவிட்டேன். நேரம் எழுதிவிட்டேன். காரணம்